மாப்பிள்ளை சொல்லட்டும்

மீன்குஞ்சு பொரிப்பகத்தில் அவருக்கு மணிக்கணக்கு என்று பெயர். நேரில் "சார்", முதுகுக்குப் பின்னால் மணிக்கணக்கு. மனைவிக்கு மட்டும் முன் பின் வித்தியாசம் கிடையாது. கோபம் வந்தால் முகத்துக்கு நேராகவே, "என்ன மணிக்கணக்கு, சோறு வேணுமா வேணாமா?" என்பாள்.

கெண்டை மீனுக்கு ஊசி போட்டு, வயிற்றுக்குள் முட்டை பழுக்கும்வரை காத்திருந்து, பழுத்ததும் வயிற்றை மெல்ல அழுத்தி முட்டையைப் பேசினில் எடுப்பதுதான் அங்கே வேலை. எப்போது பழுக்கும் என்று சொல்வது அவர் பொறுப்பு. அழுத்துவது மனைவியின் பொறுப்பு. அவள் கைக்கு மீன் துள்ளாது. அவர் கைக்குத் துள்ளும். இருபது வருடமாக அப்படித்தான். அவள் கையில் அடங்குவது மீன் மட்டும் இல்லை என்று சொன்னால் அவருக்கு மரியாதைக் குறைவு, அதனால் அதை இங்கே விட்டுவிடுவோம்.

இதில் எல்லாம் நேரம்தான். முந்திக்கொண்டு அழுத்தினால் முட்டை காய், வராது. வம்பாக அழுத்தினால் ரத்தம் வரும். பிந்திப் போனால் முட்டை உள்ளேயே கிடந்து ஊறிக் கெட்டுவிடும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், தாராளமாகவும் வரும். மறுநாள் பார்த்தால் வேகவைத்த ஜவ்வரிசி மாதிரி வெளுத்துப்போய்க் கிடக்கும். உயிருள்ள முட்டை கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், செத்தது வெள்ளை. அவ்வளவுதான் பரீட்சை.

போன வருடம் அவர் அந்தப் பரீட்சையில் தோற்றார். தண்ணீரின் டிகிரியையும் கடைசி ஊசி போட்டு ஆன மணி நேரத்தையும் பெருக்கி இருநூற்று நாற்பது வரும்போது முட்டை பழுக்கும் என்பது அவர் கணக்கு. கணக்கு சரி. ஆனால் டிகிரி பார்க்கும் கருவியை அவர் வைத்தது குழாய் வாயில். குழாயில் இருபத்திரண்டு. தொட்டியின் மறு கோடியில், ஜன்னல் வெயில் விழும் இடத்தில், மீன் நின்ற தண்ணீர் இருபத்தைந்து. "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு" என்று அவர் சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருந்தபோதே முட்டை பழுத்து, ஊறி, வீணாய்ப் போனது. நூற்றுக்குத் தொண்ணூறு வெள்ளை.

அன்றைக்கே சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமையலறையில் மாட்டிவிட்டார். கைக்கடிகாரம் பீரோவுக்குள் போனது. "இனிமே கடிகாரத்தை நம்ப மாட்டேன். மீனைத்தான் நம்புவேன்" என்று சபதம். மனைவிக்கு அதில் ஒரு லாபம், சோறு குழையாமல் இறங்கியது.

மீனை நம்புவது என்றால் இப்படி. தாய் மீன் இருக்கும் தொட்டியில் ஓர் ஆண் மீனை விடுவார்கள். அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். தாயின் வயிற்றில் முட்டை பழுத்ததும் மாப்பிள்ளைக்குத் தெரிந்துவிடும். பின்னாலேயே சுற்றுவான், முட்டுவான், தண்ணீரை அடித்து ரகளை செய்வான். உடனே மாப்பிள்ளையை வெளியே எடுத்துவிட்டு, தாயைத் தூக்கி முட்டை எடுக்க வேண்டும். கணக்கும் வேண்டாம், கருவியும் வேண்டாம்.

இந்த வருடம் தேறிய தாய் மீன் ஒன்றே ஒன்று. பன்னிரண்டு கிலோ. பெரியம்மா என்று கூப்பிடுவார்கள். முதலாளியம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்: "பெரியம்மா முட்டையில பாதிக்கு மேல உயிரோட இருந்தா பொரிப்பகம் நடக்கும். இல்லேன்னா இது தீவனம் அடுக்குற ரூம். நீங்க மூட்டைக்குக் காவல். மூட்டைக்கு நேரம் காலம் எதுவும் இல்ல, உங்களுக்கும் நிம்மதி."

முட்டை எடுக்க வேண்டிய அன்று மூன்று மணிக்கே முதலாளியம்மா வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கூடவே ஒரு தச்சர், காதில் பென்சில், கையில் டேப்.

"இவரு எதுக்கும்மா?" என்றார் மணிக்கணக்கு.

"மூட்டை அடுக்கப் பலகை வேணுமே. சும்மா அளந்து வைக்கட்டும். அளக்கிறதுல என்ன இருக்கு?"

உயிரோடு இருக்கும்போதே பெட்டிக்கு அளவெடுப்பது போல இருந்தது அவருக்கு. தச்சர் பணிவாக, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்" என்று அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த சுவரை அளந்தார்.

பெரியம்மாவுக்கு முதல் ஊசி முந்தைய நாள் மாலை, இரண்டாவது ஊசி காலை ஆறு மணிக்கு. ஆண்களுக்கு ஆறரை மணிக்கு ஒரே ஊசி. ஆண்களைத் தேர்ந்தெடுத்தது மனைவியின் தம்பி. ஆண் மீன் குளங்கள் அவன் பொறுப்பு. நான்கு கொண்டு வந்திருந்தான். மூன்றிடமிருந்து பால் எடுத்தாகிவிட்டது. பால் என்று அங்கே சொல்வது ஆண் மீனின் விந்தை. அது ஊசிக் குழல்களில் ஐஸ் பெட்டிக்குள் தயாராக இருந்தது. நான்காவதுதான் மாப்பிள்ளை. இருந்ததிலேயே பெரியது, வாட்டசாட்டமானது.

"ராஜா மாதிரி இருக்கான் பாருங்க மாமா" என்றான் தம்பி. "தூக்கும்போதுகூட ஒரு துள்ளல் இல்ல. அவ்வளவு அடக்கம்."

"அடக்கமா இருந்தா நமக்கு எப்படிடா வேலை ஆகும்?" என்றாள் அக்கா.

"நேரம் வந்தா காட்டுவான்க்கா."

மாப்பிள்ளையைத் தொட்டியில் விட்டார்கள். அவன் நேராக ஒரு மூலைக்குப் போனான். நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

ஐந்து பேரும் தொட்டியைச் சுற்றிக் கூடிப் பார்த்தார்கள். பெரியம்மா ஒரு சுற்று வந்தாள். மாப்பிள்ளைக்கு முன்னால் ஒரு முறை மெதுவாகத் திரும்பினாள். மாப்பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டான்.

"கூச்சம்" என்றான் தம்பி. "இத்தனை பேர் சுத்தி நின்னா யாருக்குத்தான் வரும்?"

எல்லோரும் இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள். முதலாளியம்மா நாற்காலியோடு நகர்ந்தார். மாப்பிள்ளை நகரவில்லை.

தச்சர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "நாலு மணிங்க" என்றார். யாரும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். அந்த அறையில் இருந்த ஒரே கடிகாரம் அவர் கையில்தான்.

மனைவி புருஷன் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினாள். "ஏங்க. தண்ணி இருபத்தி நாலு. காலையில ஆறுக்கு ஊசி. பத்து மணி நேரம் ஆச்சு. பத்து இருபத்தி நாலு எவ்வளவு?"

"எனக்கே கணக்கா?"

"நீங்க சொல்லிக் குடுத்ததுதான். ஒரு தடவை தொட்டுப் பாத்துடறேன்."

"தொட்டா அது மிரளும். காயா இருந்து ரத்தம் வந்துச்சுன்னா? இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. மாப்பிள்ளை சொல்லட்டும்."

"மாப்பிள்ளை எதுவும் சொல்ற மாதிரி தெரியலையே. சாப்பாட்டுக்குக் காத்திருக்கிற மாதிரில்ல நிக்குது?"

"இன்னும் பத்து நிமிஷம்."

இந்தப் பத்து நிமிஷம் அவளுக்குப் பழைய சிநேகம். பேருந்தைத் தவற விட்டது இந்தப் பத்து நிமிஷத்தில்தான். மகள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியதைப் பார்க்காமல், காலி மேடையில் நாற்காலி அடுக்குவதைப் பார்த்ததும் இந்தப் பத்து நிமிஷத்தில்தான்.

"நாலே கால்" என்றார் தச்சர்.

"உங்களை யாருங்க கேட்டா?" என்றார் மணிக்கணக்கு.

"இல்ல சார், நீங்க சுவத்தைச் சுவத்தைப் பாத்தீங்க. அங்க ஆணி மட்டும்தான் இருக்கு. அதான்."

முதலாளியம்மா சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்காகப் பிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றிக்கொண்டார்.

மணிக்கணக்கு மறுபடியும் தொட்டி மூலையைப் பார்த்தார். போன வருடம் கடிகாரத்தை நம்பிக் கெட்டோம், இந்த வருடம் கடிகாரம் சொல்கிறதே என்று அவசரப்பட்டுக் கெட்டால்? மீன் பொய் சொல்லாது. மீன் என்ன சொல்கிறது? மீன் மூலையில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. அவர் தொட்டி ஓரம் குனிந்து ரகசியமாக, "டேய் மாப்பிள்ளை, மானத்தை வாங்காதடா" என்றார்.

"என்ன மாமா?" என்றான் பின்னால் நின்ற தம்பி.

"உன்னை இல்லப்பா."

மனைவி மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை குரலைத் தாழ்த்தவில்லை. "தம்பி, இந்த மீனை நீ நல்லாப் பாத்துத்தான் எடுத்தியா?"

"என்னக்கா இப்படிக் கேட்டுட்டே! வயித்தை அழுத்தினேன், பால் வந்துச்சு. கையெல்லாம் பால்."

"நாலு மணி முப்பத்தி..." என்று ஆரம்பித்த தச்சர், மணிக்கணக்கின் முகத்தைப் பார்த்து, "சும்மா ஒரு பேச்சுக்கு" என்று முடித்தார்.

அப்போதுதான் மாப்பிள்ளை அசைந்தான். மூலையை விட்டு வந்தான். பெரியம்மா பக்கத்தில் போனான். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. வாலால் தண்ணீரை ஓங்கி ஓர் அடி அடித்ததில் முதலாளியம்மாவின் காபியில் நாலு சொட்டு விழுந்தது.

"சொன்னேன்ல! சொன்னேன்ல மாமா!" என்று குதித்தான் தம்பி. "என் மாப்பிள்ளை கொஞ்சம் லேட்டு, ஆனா ஆம்பள சிங்கம்!"

மணிக்கணக்குக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பால் எடுப்பா! பேசினைத் தொடை! மாப்பிள்ளையை நான் தூக்கறேன், தள்ளுங்க!" என்று, இருபது வருடமாக மீன் தூக்காத மனிதர், ஈரத் துண்டோடு தொட்டிக்குள் குனிந்து மாப்பிள்ளையை அப்படியே மார்போடு அணைத்துத் தூக்கினார். தம்பி ஐஸ் பெட்டியிலிருந்து ஊசிக் குழலை எடுத்துக்கொண்டு எதிரே ஓடி வந்தான்.

மாப்பிள்ளை ஒரு துள்ளு துள்ளினான். மணிக்கணக்கு இறுக்கிப் பிடித்தார். இறுக்கியதுதான் தாமதம், அவர் சட்டை மேல், பை மேல், பொத்தான் வரிசை மேல் எல்லாம், பச்சை கலந்த பொன் நிறத்தில், கேழ்வரகை மூட்டையிலிருந்து கொட்டுவது போல முட்டை சரசரவென்று கொட்டியது.

தம்பி "ஐயோ" என்றான். அந்த அதிர்ச்சியில் கையை இறுக்கினான். கையில் இருந்த குழல் பீச்சியடித்து, அதிலிருந்த பால் முழுவதும் மாமாவின் சட்டையில் போய்ச் சேர்ந்தது.

அடுத்து வாயைத் திறந்தவர் தச்சர். "ஆம்பள மீனும் முட்டை போடுமா சார்?"

"இங்க போடும்" என்றார் முதலாளியம்மா.

மனைவி வந்து அந்த மீனின் கன்னத்தை விரலால் தடவினாள். இந்தக் காலத்தில் ஆண் மீனுக்குக் கன்னம் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்க வேண்டும். இது வழவழவென்று இருந்தது. "முதல் தடவை முட்டை வைக்கிற பொண்ணு. அதான் வயிறு தெரியல. மச்சானும் மாமனும் சேர்ந்து பொண்ணுக்குப் பொண்ணையே பாத்திருக்கீங்க" என்றாள். பிறகு தம்பி பக்கம் திரும்பினாள். "டேய், நாலாவது மீனைத் தொடறதுக்கு முன்னாடி கையைத் தொடச்சியா?"

"எதுக்குக்கா?"

"மூணாவது மீனோட பால் உன் கையில இருந்திருக்குமேடா! அதைப் பாத்துட்டு இதையும் ஆணுன்னு எழுதியிருக்கே!"

தம்பி தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான், அவற்றை அன்றுதான் முதல்முறை சந்திப்பவன் போல.

மணிக்கணக்குக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது. இத்தனை நேரம் யார் சொல்லட்டும் என்று காத்திருந்தோம்? அந்தப் பெண் தன் முட்டை பழுக்கக் காத்திருந்திருக்கிறாள். பெரியம்மாவைப் பற்றி அவள் எதற்குச் சொல்லப் போகிறாள்? அப்படியானால் பெரியம்மாவுக்கு நேரம் எப்போது ஆனது? நான்கு மணிக்கேவா? மாப்பிள்ளையும் இல்லை, கடிகாரமும் இல்லை. மிச்சம் இருந்தது எதிரே நின்ற ஒரே ஆள்தான்.

"கழட்டுங்க" என்றாள் மனைவி.

"என்னது?"

"சட்டையை. பேசின்ல ஈரம் சொட்டுச்சுன்னா அந்த முட்டையும் போச்சு."

கழற்றிக் கொடுத்தார். முட்டை சட்டையில் பசை போல ஒட்டியிருந்தது. துவைத்தாலும் போகாது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அதைப் பக்கத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த காலித் தொட்டியில் வீசினாள். மணிக்கணக்கு, அக்குளில் ஓட்டை விழுந்த பனியனோடு, முதலாளியம்மா முன்னால் நின்றார். தச்சர் நாகரிகமாக ஜன்னலை அளந்தார்.

மனைவி குனிந்து பெரியம்மாவின் வயிற்றில் கை வைத்தாள். ஒரு கணம்தான். "ஏங்க. இப்ப."

"இன்னும் பத்து நிமி..."

சொல் பாதியில் நின்றது. அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பேருந்து, பரிசு, மேடை, எல்லாம் அந்த முகத்தில் வரிசையாக நின்றன.

"எடு" என்றார்.

தூக்கினார்கள். துண்டால் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்தார்கள். தண்ணீர் பட்டால் முட்டையின் வாய் மூடிக்கொள்ளும், அப்புறம் பால் ஊற்றிப் பயனில்லை. அவள் கை வைத்ததும் முட்டை தானாகவே பேசினில் வழிந்தது. நிறைய வந்தது. ஆனால் கடைசியில் கொஞ்சம் நீர்த்து, அங்கங்கே கட்டி கட்டியாக வந்தது. தாமதத்தின் அடையாளம். அவள் பார்த்தாள், அவரும் பார்த்தார். மிச்சமிருந்த இரண்டு குழல் பாலை ஊற்றி, கோழி இறகால் கலக்கி, ஒட்டாமல் இருக்க உப்பும் யூரியாவும் கரைத்த தண்ணீரை விட்டு, ஒரு மணி நேரம் மாறி மாறிக் கிளறினார்கள். பிறகு கண்ணாடி ஜாடிகளில் ஊற்றித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். சட்டையை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு முதலாளியம்மா வந்தார். தச்சரும் வந்தார், இரண்டு பலகைகளோடு.

மணிக்கணக்கு ஜாடியிலிருந்து நூறு முட்டையைத் தட்டில் எடுத்து வைத்தார். முதலாளியம்மாவே எண்ணினார். வெள்ளையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டே வந்தார். முப்பது தாண்டியது. நாற்பது தாண்டியது. மணிக்கணக்கு பலகையைப் பார்த்தார். நல்ல பலகை.

"நாப்பத்தி நாலு" என்று நிறுத்தினார் முதலாளியம்மா. "அம்பத்தி ஆறு தெளிவு. சரி, பாதிக்கு மேல. சொன்ன சொல் சொன்னதுதான். பிழைச்சீங்க."

மணிக்கணக்கு பெருமூச்சு விட்டு முடிக்கவில்லை, பின்னாலிருந்து மனைவியின் குரல் கேட்டது.

"ஏங்க, இங்க வந்து இதைப் பாருங்க."

சட்டையைத் துவைக்கலாம் என்று காலித் தொட்டிக்குப் போனவள் அங்கேயே நின்றுவிட்டிருந்தாள். ஓடும் தண்ணீரில் சட்டை கைகளை விரித்து மிதந்துகொண்டிருந்தது. முன்பக்கம் முழுவதும் முட்டை. அத்தனையும் கண்ணாடி மணி.

முதலாளியம்மா குனிந்து சட்டைப் பையில் ஒட்டியிருந்ததை மட்டும் எண்ணினார். நூறில் ஆறு வெள்ளை.

"தொண்ணூத்தி நாலு" என்றார். "ரெண்டு மீனுக்கும் ஒரே தண்ணி. அந்தப் பொண்ணு பழுத்த நிமிஷத்துல உங்க சட்டையில கொட்டிட்டா. பெரியம்மாவை நீங்க முக்கால் மணி நேரம் காக்க வச்சீங்க. அவ்வளவுதானே வித்தியாசம்?"

"ஆமாம்மா" என்றார் மணிக்கணக்கு. அவருக்குப் பொய் சொல்ல வராது.

"இருபது வருஷமா நீங்க யோசிச்சு யோசிச்சு எடுத்ததை, உங்க சட்டை யோசிக்காம எடுத்திருக்கு."

தம்பி மெதுவாக முன்னால் வந்தான். "அப்படிப் பாத்தா அம்மா, நான் பால் பீச்சினதும் சரியான நேரத்துலதான்..."

"நீ கையைத் தொடச்சுட்டு வந்து பேசு" என்றாள் அக்கா.

முதலாளியம்மா தீர்ப்புச் சொன்னார். பொரிப்பகம் நடக்கும். இனி நேரம் சொல்வது சார் வீட்டம்மா. சார் டிகிரியும் மணியும் எழுதி அவரிடம் காட்ட வேண்டும், தொட்டியின் இரண்டு கோடியிலும் அளந்து. மாப்பிள்ளை வைப்பதானால் வைக்கலாம், ஆனால் கன்னத்தைத் தடவிப் பார்த்த பிறகுதான். "இப்போதைக்கு சார் சட்டைக்குக் காவல். பொரியிற வரைக்கும் யாரும் அதைத் தொடக் கூடாது."

எப்படியும் காவல்தான் என்று மணிக்கணக்கு நினைத்துக்கொண்டார். ஆனாலும் மூட்டைக்கு இது தேவலை.

வேலை போன தச்சருக்கு மனசு கேட்கவில்லை. வந்ததற்கு ஏதாவது செய்துவிட்டுப் போகிறேன் என்றார். மதியம் வீட்டிலிருந்து கடிகாரம் வந்தது. சுவரில் இருந்த பழைய ஆணி ஆடியதால் புதிதாக ஒன்று அடித்து, மூன்று தடவை அளந்து, மாட்டினார்.

"சோறு குழைஞ்சா என்னைக் கேக்காதீங்க" என்றாள் மனைவி.

அதற்கு அடுத்த நாள் மாலை சட்டைக்குக் கண் வந்துவிட்டது. ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு கரும்புள்ளி. மணிக்கணக்கு ஸ்டூல் போட்டுத் தொட்டி ஓரம் உட்கார்ந்திருந்தார். பையிலிருந்தும் பொத்தான் பட்டியிலிருந்தும் ஆயிரக்கணக்கான கண்கள் அவரையே பார்த்தன. வீட்டில் ஒரு ஜோடிக் கண்ணுக்கே பதில் சொல்ல முடியாத மனிதர்.

மனைவி வாசலில் பையோடு நின்றாள். "வீட்டுக்குப் போகலாமா? ஆறாச்சு."

"பொரியிற மாதிரி இருக்கு. ஒரு பத்து..."

கடிகாரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

அவள் நகரவில்லை. தொட்டிப் பக்கம் வந்து, தண்ணீருக்குள் விரலை விட்டு, சட்டைக் காலரை லேசாகத் தூக்கிப் பார்த்தாள்.

"உக்காருங்க" என்றாள், பையைக் கீழே வைத்துவிட்டு. "இன்னும் பத்து நிமிஷம் ஆகும்."